எழுபத்தி நாலு

மணிக்கு அறுபது ஜோடி என்று
சாக்பீஸில் எழுதியிருந்தது
நாலாம் லைனின் தலைமாட்டில்.

எட்டேகாலுக்குக் கம்பெனி பஸ்
எங்களை ஆம்பூர் பைபாஸ் ஓரம் கொட்டிவிட்டுத் திரும்பும்.
எட்டரைக்கு பெல்.
அதற்குள் என் மெஷினுக்கு எண்ணெய் விட்டு,
ஊசி மாற்றி,
பழைய துணியில் நாலு தையல் ஓட்டியும் பார்த்திருப்பேன்.
யாரும் செய்யச் சொல்லவில்லை.

மேல்தோலோடு லைனிங்கைச் சேர்க்கிற தையல் எனக்கு.
அடிப்பாகம் ஒட்டுவது அடுத்த ஹாலில்.
பதினோரு வருஷமாகத் தைக்கிறேன்,
முழுச் செருப்பாக ஒன்றையும் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

வளைவில் வேகத்தைக் குறைக்கணும் என்பார்கள்.
வேண்டாம்.
இடது கட்டைவிரலை அரை அங்குலம் பின்னால் வைத்தால்
தோல் தானாகத் திரும்புகிறது,
சொன்ன பேச்சு கேட்கிற கன்றுக்குட்டி மாதிரி.
(கன்றுக்குட்டியின் தோல்தான் அதுவும்.)

அதைக் கண்டுபிடித்த அன்று தூக்கம் வரவில்லை.
பேரணாம்பட்டில், ராத்திரி பதினோரு மணிக்கும்
வெயிலை இறக்கி வைக்காத ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே
போர்வையின் ஓரத்தைக்
கட்டைவிரலால் வளைத்து வளைத்துப் பார்த்தேன்.
தோல்ஷாப்பிலிருந்து வந்து படுத்திருந்தவர் கேட்டார்,
"இன்னா பண்றே?"
"கணக்கு" என்றேன்.

அறுபத்தி மூணு.
அறுபத்தெட்டு.
நூல் அறுந்த ஒரு நாள் ஐம்பத்தொன்பது, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.
பிறகு ஒரு வியாழக்கிழமை,
கரண்ட் போகாத வியாழக்கிழமை,
எழுபத்தி நாலு.
ஒரு ரிஜெக்ட் இல்லை.

ஸ்டாப்வாட்ச்சோடு தமீம் வந்தான்,
காட்பாடிப் பக்கம் படித்து முடித்துப் புதிதாய்ச் சேர்ந்த பையன்.
முதுகுக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்று
எழுதிக்கொண்டான்:
ஜோடிக்கு நாற்பத்தெட்டு புள்ளி ஆறு செகண்டு.
என்னைப் பற்றி இதுவரை
யாரும் புள்ளி வைத்துச் சொன்னதில்லை.

சனிக்கிழமை போட்டோ எடுத்தார்கள்.
ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள்.
பூங்காவனம், நாலாம் லைன் என்று
நோட்டீஸ் போர்டில் இருந்ததை
பாத்ரூம் போகும்போது இரண்டு தடவை,
தண்ணி பிடிக்கும்போது ஒரு தடவை படித்தேன்.

திங்கட்கிழமை
அறுபதை அழித்துவிட்டு எழுதியிருந்தார்கள்
எழுபத்தி நாலு.
எல்லோருக்கும்.

மத்தியானம் சாந்தகுமாரி
டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.
ரெஹானா போனாள்.
என் ஹாட்பாக்ஸில் சோறு சூடாகவே இருந்தது.
ஆறு மாச வயிற்றோடு எழுந்திருக்க முடியாததால்
அமுலு மட்டும் எதிரில் இருந்தாள்.
"இன்னாத்துக்குடி உனுக்கு அம்மாம் வேகம்?
யாரு தொரத்தினு வராங்க?"

பீஸ், நகைக்கடன், பையனுக்குப் பாலிடெக்னிக்,
என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான்.
ஆனால் அறுபது தைத்தாலும் அதே சம்பளம்.
அவளுக்கும் தெரியும்.

மறுநாள் வேண்டுமென்றே மெதுவாகத் தைத்தேன்.
கை கேட்கவில்லை.
மெதுவில் தையல் கோணியது,
மூணு ஜோடி திரும்பி வந்தது.
அப்படியொரு அவமானம் எனக்கு,
நோட்டீஸ் போர்டைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

முழங்கால் லிவரைத் தொடாமலே
அடுத்த ஜோடியை உள்ளே தள்ளலாம் என்பது
புதன்கிழமைதான் புரிந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
தமீம் டீக்குப் போகும் நேரமாகப் பார்த்து
எண்பது.
எழுபத்தி நாலு என் கூடைக்கு.
மிச்சம் ஆறும்
காலுக்கடியில் அமுலுவின் கூடைக்கு.

ஒரு வாரம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
எட்டாம் நாள் சாயந்தரம்,
பஸ்ஸில் நெரிசலில்,
ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:
"எனுக்காகச் செய்றேன்னு மட்டும் சொல்லாத."

பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது.
கீழே மணல், முள், ஒரு ஓரமாய் நுரைத்த தண்ணி.
மடியில் என் கட்டைவிரல்
தானாக வளைந்துகொண்டிருந்தது.
முந்தானையை இழுத்து மூடினேன்.

நேற்று
எண்பத்திரண்டு.