ஆறு நாற்பது வண்டி

கோண்டாவிலிருந்து நான்கு ஆசிரியைகள்.
லக்னோ கல்வி இயக்குநரகத்தில்
ஒரு கோப்பைக் கொடுத்து
முத்திரை வாங்குவதுதான் வேலை.
பத்தரைக்கே முடிந்துவிட்டது.
அரசாங்க அலுவலகத்தில் அப்படி நடந்ததே
அன்றைய முதல் அதிசயம்.

அடுத்தது, மிருதுளா கைப்பையிலிருந்து எடுத்த பட்டியல்.
மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம்
நீல மையில் பதினோரு இடங்கள்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே இத்தனை நிமிடம் என்று.
"சாப்பாட்டுக்கு நிமிடமே போடலையே"
என்றாள் தரன்னும்.

பேட்டரி ரிக்‌ஷா முஸ்தகீம்
அந்த ஊர் வழக்கப்படி வெகு மரியாதையாக
வாடகை பேசினார்,
ஐந்து ரூபாய்கூடக் குறைக்காமல்.

ரெசிடென்சிக்குப் பன்னிரண்டு நிமிடம்.
பீரங்கி துளைத்த சுவருக்கு முன்னால்
குசும்லதா பல் தெரியச் சிரித்து ஒரு படம்.
ஓட்டைகளில் கிளிகள் குடியிருந்தன.
கிளிகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் மராமத்து.
பூட்டிய கேட்டின் கம்பி வழியே
ஒரு சிமெண்ட் மூட்டையைப் பார்த்தோம்.

சௌக்கில் சிக்கன் வேலைப்பாட்டுக் குர்தா
மேலே வைத்துக்கூடப் பார்க்காமல் வாங்கியது.
(அது தரன்னுமின் பன்னிரண்டு வயது மகளுக்குத்தான்
கடைசியில் பொருந்தியது.)
ஓடும் வண்டியில் கலாவட்டி கபாப்.
பல் போன நவாபுக்காகச் செய்தது என்பார்கள்;
மெல்ல நேரமில்லாதவர்களுக்கும் ஆகும்.

ரூமி தர்வாசாவை
அண்ணாந்து பார்ப்பதற்குள்
அது முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"ஊர் பார்க்க வந்தோமா, மாரத்தானா?"
முனகிக்கொண்டே வந்தது நான்தான்.
குதிகால் வலி. மே மாதம்.
"ஒன்பது நிமிடம் பிந்திட்டோம்" என்றாள் மிருதுளா,
கணக்கு டீச்சர்.

இமாம்பாடாவில்
மேல்மாடத்தின் இரு கோடிகளில் நிறுத்தினார் வழிகாட்டி.
நடுவே தூணில்லாத மாபெரும் கூடம்.
இங்கே தீக்குச்சி உரசினால் அங்கே கேட்கும் என்றார்.
தீப்பெட்டி காலி.
"ஒரு காகிதம் கிடைக்குமா, மேடம்?"
மிருதுளா கையிலிருந்து பட்டியலைப் பிடுங்கி
அவரிடம் நீட்டினாள் குசும்லதா.

கிழித்தார்.
அத்தனை தூரத்திலிருந்து
என் காதுக்குள் கிழிந்தது.
எல்லோரும் கைதட்டினோம்.
மிருதுளாவும் தட்டினாள், கொஞ்சம் தாமதமாக.

பிறகு இரண்டு பேரும் வழிகாட்டியோடு
புதிர்ப்பாதைக்குப் படியேறினார்கள்.
நான் குதிகாலைப் பிடித்தபடி
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
எதிர்க்கோடியில் மிருதுளா, காதில் போன்,
ஒரு விரல் உயரம்.

"வியாழக்கிழமை கையெழுத்து."
சுவர் சொன்னது.
"இவங்ககிட்ட இன்னும் சொல்லல.
இல்ல, இன்னைக்கு வேண்டாம்.
இன்னைக்கு ஊர் சுத்திட்டிருக்கோம்."

எதற்குக் கையெழுத்து?
பதினாறு வருஷ வேலையை விடுவதற்கா,
வீட்டை விற்பதற்கா,
அவரை விடுவதற்கா,
மருத்துவமனைப் படிவத்திலா?
ரசீதின் முன்பக்கத்தை
நாங்கள் யாருமே படித்திருக்கவில்லை.
கிழிந்த இரண்டு துண்டும்
இப்போது வழிகாட்டியின் சட்டைப்பையில்.

எழுந்து நின்றேன்.
கல்லில் மோதி முழங்கட்டும் என்றே கத்தினேன்:
"மிருதுளா! இன்னும் ஆறு இடம் பாக்கி, வா!"

அதன் பிறகு அவசரப்படுத்தியது முழுக்க நான்.
"முஸ்தகீம் பாய், அந்தச் சந்து வழியா விடுங்க."
"தரன்னும், டீயைக் கையிலேயே எடுத்துக்க."
கோமதி பாலத்தில் இறங்காமலே நதி.
"உனக்கென்ன பேய் பிடிச்சுதா?" என்றாள் குசும்லதா.

ஆறு நாற்பது வண்டி
எட்டேகாலுக்கு வந்தது.

ஜன்னலோரம் மிருதுளா விரல்விட்டு எண்ணினாள்.
"ஏழுதான் ஆச்சு."
மூடின கேட்டையும் சேர்த்துக்கோ என்றேன், எட்டு.
நெரிசலில் நின்றபோது தெரிந்த மஞ்சள் குவிமாடம்,
எதன் குவிமாடமோ, ஒன்பது.
நதி, பத்து.

விரல்கள் தீர்ந்துவிட்டன.
கையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.
பதினொன்றாவது எது என்று
அவள் கேட்கவில்லை.
பாராபங்கியில் யாரோ வெள்ளரிக்காய் விற்றார்கள்.
உப்பு தூவி நான்காக நறுக்கச் சொன்னேன்.