பெண்: அறியப்படவில்லை

முன்னிறக்கையின் நீளம்
மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு.
இந்த ஒரு வரியை எழுத
ஒரு முழுக் காலை போயிற்று.
மூச்சு விட்டால் பறந்துவிடுகிறது,
செத்து ஆறு மாதமாகியும்.

கிடைத்த இடம்: போர்வெனிர் சாலை, பெட்ரோல் பங்க்,
கழிவறைச் சுவரில், டியூப்லைட்டுக்கு ஒரு சாண் கீழே.
(கட்டுரையில் கழிவறையை அடித்துவிட்டுத்
"தென்புறச் சுவர்" என்று திருத்தினேன்.
அறிவியலுக்கும் கொஞ்சம் மானம் வேண்டும்.)

அன்று காற்று. இங்கே என்றைக்குக் காற்றில்லை?
மனிதர்களே கம்பத்தைப் பிடித்து நடக்கும் தீவில்
எள்ளில் பாதி கனமில்லாத ஒன்று
சுவரைப் பிடித்துத் தாக்குப்பிடித்திருந்தது.
துடைக்க வந்த நொல்பெர்ட்டோ ஓயார்சூன்
துணியை அந்த இடத்தில் மட்டும் நிறுத்தியிருந்தான்.
"அழுக்கில்லை, சென்யோரா.
சாயங்காலம் இது வேறு இடத்தில் இருந்தது."

கண்டுபிடிப்பு அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் நான் செய்தது:
குப்பி, குளிர்பெட்டி, மயிரளவு ஊசி.
வயிற்றை மட்டும் கழற்றிக் காரநீரில் சூடாக்கி
ஆணுறுப்பைப் பிரித்துக் கண்ணாடியில் பரப்பினேன்.
பெயரிடப்பட்ட எதனிடமும் இல்லாத
ஒரு கொக்கி, இடப்பக்கம் வளைந்து.
கொன்ற பிறகுதான்
புதிது என்று தெரிந்தது.

நிறம்: சாம்பல், என்று எழுதி அனுப்பினேன்.
கோபன்ஹேகனிலிருந்து மதிப்பீட்டாளர் கேட்டார்:
எந்தச் சாம்பல்?

நியாயமான கேள்வி. அதனால்தான் கோபம் வந்தது.
இரண்டு நாள் அந்த மனிதரோடு
மனதுக்குள் சண்டை போட்டேன்.
மூன்றாம் நாள், ஜூலைப் பனியில்,
அடுப்புக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.
லெங்கா விறகின் சாம்பல் மேலே வெள்ளை.
கிளறினால் ஒரு நீலம்.
அடியில், கரி முழுக்க எரியாத இடத்தில்
ஈரமண்ணின் பழுப்பு.
மூன்றும் அந்த இறக்கையில் இருந்தன,
அதே வரிசையில், தோளிலிருந்து கீழே.
நுனியில் மட்டும் நாலைந்து செதில் செம்பு.
அணைந்துவிட்டதென்று கை வைத்தால் சுடுமே,
அந்தக் கங்கு.

கங்கு என்று எழுத முடியாது.
"செம்பு மினுக்கம்; சாய்ந்த ஒளியில் மட்டும்."

பெயருக்கு அனுமதி கேட்கப் போனேன்.
நொல்பெர்ட்டோ கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.
"என் பெயர் வேண்டாம்.
மூன்று கடைக்காரர்கள் ஸ்பானிஷில் தேடுகிறார்கள்.
லத்தீனிலும் தேட வேண்டுமா?"
அப்புறம், வாளியை இறக்கி வைத்துவிட்டு:
"இதற்கு ஜோடி உண்டா?"

தாளைக் காட்டினேன்.
பெண்: அறியப்படவில்லை.
புழு: அறியப்படவில்லை.
உணவுச்செடி: அறியப்படவில்லை.
கடன் சீட்டைப் படிப்பதுபோல
வாய்விட்டுப் படித்தான்.
"ஒன்றுமே தெரியாது என்று
அச்சடிக்கவா இத்தனை படிப்பு?"

ஜனவரி திரும்பியது.
அதற்குள் கம்பெனி விளக்கை மாற்றியிருந்தது.
மஞ்சள் எல்.இ.டி. சிக்கனம்.
பூச்சி வராது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறான்,
சொன்னபடி வரவில்லை.
கோடையில் இங்கே
இருட்டுவதற்கே பதினொரு மணியாகும்,
ஐந்துக்குள் விடிந்துவிடும்.
அந்தக் கொஞ்சநஞ்ச இருட்டில் எட்டு இரவு உட்கார்ந்தேன்.
கம்பளி லாரிகள் வந்தன. ஒரு நரி வந்தது.
கழிவறைக்கு வந்தவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

ஒன்பதாம் இரவு, மேலாளர் ஊரில் இல்லை.
துடைப்பங்களுக்குப் பின்னால் கைவிட்டு
நொல்பெர்ட்டோ பழைய டியூப்லைட்டை எடுத்தான்,
செய்தித்தாள் சுற்றி, கயிறு கட்டி.
எறியச் சொன்னார்களாம்.
இரண்டு முறை இமைத்து, ரீங்கரித்து, எரிந்தது.
சுவர் வெளுத்தது.
இருவரும் பேசவில்லை. காற்று பேசியது.

மூன்று மணி வாக்கில்
வலது மூலையில், ஆணித் துளைக்குப் பக்கத்தில்
ஒரு புள்ளி.
நான் குப்பியை எடுத்தேன்.
அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அழுக்காகவும் இருக்கலாம்.
காலைவரை பார்ப்போம்,
இடம் மாறுகிறதா என்று."