ஒன்பது நொடி

ஐம்பது டிக்கெட் எடுத்தால் ஒரு காட்சி,
சால்மியா தியேட்டர்காரர் சொல்லிவிட்டார்.
வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி,
காக்கையும் வெளியே வராத நேரம்.
நாயகன் பெயரைக் கேட்டார். சொன்னேன்.
யார் என்றார்.
நாயகி பெயரை நான் சொல்லவேயில்லை.

ஊரில் இருபது நாள் விடுப்பு.
ஐந்து தடவை பார்த்துவிட்டு வந்தவள் நான்.
தங்கைக்கு முகூர்த்தச் சேலை எடுக்கப் போன அன்றும்
ஜரிகை கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி
பகல் காட்சிக்கு நழுவினேன்.

'ஈரச் சுவர்'.
படம் வரைகிற இரண்டு பேர்.
ஒரே அறை, ஒரே விளக்கு.
யாருடைய படம் விற்றதோ
அன்று அவர் சமைக்க வேண்டியதில்லை.
முக்கால்வாசி நாள் இரண்டு பேருமே சமைத்தார்கள்.
அவ்வளவுதான் கதை.
கேட்டவர்கள் எல்லாரும் 'அப்புறம்?' என்றார்கள்.

பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை எனக்கு.
வாயைத் திறந்து படுத்திருப்பவர்
வேண்டாம் என்று சொல்ல முடியாது.
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டே
கதை சொல்லிச் சொல்லி
அந்த நாற்காலியில் மட்டும் பதினேழு விற்றேன்.
டாக்டர் நெர்மினுக்குத் தமிழில்
'வலிக்குதா', 'துப்புங்க' இரண்டுதான் தெரியும்.
அவரும் ஒன்று எடுத்தார்.

மங்காஃபிலிருந்து சூசைமாணிக்கமும்
அவர் அறைக்காரர்கள் ஏழு பேரும்.
கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள்.
'நம்ம வேலையைப் பத்தின படமாமே' என்றார்.
நான் மறுக்கவில்லை.
கார்கோ பாசித் சொந்தக்காரர்களோடு வந்தார்.
பொற்கொடி, வேலை செய்கிற வீட்டில்
தாங்க முடியாத பல்வலி என்று சொல்லி வந்தாள்,
நான் எழுதிக் கொடுத்த சீட்டோடு.

நாற்பத்தாறில் நின்றது கணக்கு.
நான்கு இருக்கைகளை நானே வாங்கினேன்.
அந்த மாதம் வீட்டுக்குப் போன பணத்தில்
பன்னிரண்டு தினார் குறைந்தது.
வங்கிக் கட்டணம் கூடிவிட்டது அம்மா.

விளக்கு அணைந்தது. யாருடைய முகத்தையும் விடாமல்
பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
இந்த இடத்தில் சிரிக்க வேண்டுமே, சிரித்தார்கள்.
இந்த இடத்தில் இருமக்கூடாதே,
பாசித்தின் மாமா இருமினார்.

பிறகு அந்த இடம்.
அவள் தூரிகை கழுவுகிறாள்.
அவன் பின்னால் வருகிறான், கை உயர்கிறது.
மேசைமேல் காலி டம்ளர். விடிந்துவிட்டது.

வெட்டிவிட்டார்கள்.
என்னைக் கேட்காமல்
என் வாயிலிருந்து ஒன்றைப் பிடுங்கியதுபோல்
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
மீதிப் படம் முழுக்க
நாக்கு அந்த ஓட்டைக்கே போனது.

கார் நிறுத்துமிடத்தில், கானல் நடுவே,
சுற்றி நின்றுகொண்டார்கள்.
'என்னம்மா கட் பண்ணான்?'
அறைந்திருப்பான் என்றார் பாசித்.
அறையெல்லாம் இல்லை என்று பொற்கொடி சிவந்தாள்.
டாக்டர் நெர்மின் எதுவும் கேட்கவில்லை.
காருக்குள் ஏறியும் கொஞ்ச நேரம்
கிளம்பவில்லை.

ஒன்பது நொடி. எண்ணியிருக்கிறேன்.
சொன்னால் கொட்டாவி விடுவார்கள்,
சொல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்கும்.
சொல்லாமல் நின்றேன்.

எல்லாரும் கலைந்தபின்
பேருந்து நிறுத்த நிழலில் சூசைமாணிக்கம்:
'அடுத்த சீன்ல சந்தைக்குப் போறப்ப
அந்தப் பிள்ளை காதுல நீலம் இருந்துச்சு.
அதைத் துடைக்கப் பார்த்திருப்பான். போயிருக்காது.'

பனியன் நுனியால்.
அழுத்தாமல்.
போகவில்லை என்றதும் அப்படியே விட்டுவிடுவான்.

'அந்த வீட்டுச் சுவருக்கு ப்ரைமரும் அடிக்கலை' என்றார்.
'ரெண்டு மழைக்குத் தாங்காது.'
அவர் காதின் பின்னால்
யாரோ ஒருவர் வரவேற்பறையின் வெளிர்மஞ்சள்
காய்ந்திருந்தது.

பேருந்து வந்தது. ஏறினவர் படியில் திரும்பினார்:
'எங்க கட்டடத்துல இன்னும் முப்பது பேர் இருக்காங்க.
ஐம்பதுக்கு எத்தனை குறையுது?'

ஞாயிறு காலை ஏழு நோயாளிகள் என்றேன்.
அதில் இரண்டு கடைவாய்ப் பல்,
நெடுநேரம் ஆகும்.