பில்லில் இல்லாத வரி

ஈசூன். பதின்மூன்றாம் மாடி.
அதற்கு மேல் வீடில்லை, தகடுகள்.
பிப்ரவரியில் பாரந்தூக்கி வைத்து ஏற்றினார்கள்.
நாலு நாள் தலைக்கு மேல் எதையோ உருட்டும் சத்தம்.
வார்டில் இரவுப்பணி முடித்து வந்து
தலையணைக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அந்த மாத பில்லை இரண்டு முறை படித்தேன்.
தண்ணீர் இருந்தது, எரிவாயு இருந்தது,
குப்பை அள்ளிய கணக்கு இருந்தது.
வெயிலுக்கு மட்டும் ஒரு வரி இல்லை.
(வெயிலுக்கு வரி இல்லையே என்று
சந்தோஷப்பட வேண்டுமோ?)

கீழ்த்தளக் கூட்டத்தில் கைதூக்கிக் கேட்டேன்:
என் தலைக்கு மேல் விளைவதில் என் பங்கு எவ்வளவு?
நகர மன்ற அலுவலர் ஃபூ, நல்ல மனிதர்,
வரைபடத்தை என் பக்கம் திருப்பினார்.
கூரை கழகத்துக்கு.
தகடு நிறுவனத்துக்கு.
மின்சாரத்தை மன்றம் வாங்கி
மின்தூக்கிக்கும் தாழ்வார விளக்குக்கும்
தண்ணீரை மேலேற்றும் பம்புக்கும் கொடுக்கிறது.
மிஞ்சியது ஊர்க் கம்பிக்குப் போய்விடும்.
ஜன்னலில் நானே ஒன்று மாட்டிக்கொள்ளலாமா என்றதற்குச்
சிரித்தபடி தலையாட்டினார், இடவலமாக.
"பராமரிப்புக் கட்டணம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும், மேடம்."
ஏறாததை எப்படி எண்ணுவது என்று
அவர் சொல்லவில்லை.

செராங்கூன் கார்டனில் தரைவீடு வாங்கிய நாத்தனார் கணவர்
சாப்பிடும்போதும் கைபேசியைத் திறந்து காட்டுவார்:
இன்று இவ்வளவு விளைச்சல், இவ்வளவு விற்பனை.
சொந்தக் கூரை உள்ளவரிடம்
சூரியன் கணக்கு ஒப்பிக்கிறது.
எனக்கு வாய்த்தவை
சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிய
மூன்று மூங்கில் கழிகள்.
யாரிடமும் அனுமதி கேட்காமல்
ஒன்றரை மணி நேரத்தில் சீருடையை உலர்த்தித் தரும்
என் சொந்த நிலையம்.

தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகையில் வீடு,
இருபத்தைந்து வருட ஒப்பந்தத்தில் தகடு,
எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாத வெயில்.

ஒன்று சொல்லியாக வேண்டும்.
ஜூன் வந்தும் படுக்கையறை மேற்பூச்சு
முன்போலக் கொதிக்கவில்லை.
ஏர்கான் போடாமலே பகலில் தூங்குகிறேன்.
தகட்டின் நிழலாவது என்னுடையதா என்று
ஃபூவிடம் கேட்கவில்லை.
கேட்டால் அதற்கும் ஒரு வரைபடம் வரும்.

நேற்று மதியம் மின்தூக்கியில்
ஒன்பதாம் மாடி ரொக்கையாவின் மகன்
எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டான்.
அவள் அடிக்கக் கை ஓங்கினாள்.
விடு, என்றேன்.

இரண்டில் நின்றது. மூன்றில் நின்றது.
கதவு திறந்து, ஆளில்லாத தாழ்வாரத்தைப் பார்த்து, மூடி,
நிதானமாக ஏறினோம்,
என் பங்கில்.