ஒரு மணி நேரம் உபரி

ம்சூசுவில் ஆறு மணிக்கே மின்சாரம் போய்விட்டது.
அக்காளின் அழகு நிலையத்தில்
முடி உலர்த்த வாங்கிய பேட்டரி
இன்றிரவு எனக்கு.
பாதியாவது மிச்சம் வை, என்றாள் லுசுங்கு.
காலையில் இரண்டு மணப்பெண்கள்.

முனைவர் பட்ட ஆய்வாளர், முழு நிதியுதவி, இடம்: ஒன்று.
ஆழமான ஏரி, அடிச்சேற்றில் புழு, மேலெழும் பூச்சி.
முதன்முறை படித்தபோது
தெரியாத ஊரில் யாரோ என் பெயரைத்
தப்பும் தவறுமாகக் கூப்பிட்டது போலிருந்தது.

இதற்கு முன் பதினோரு கடிதங்கள்.
ஏழுக்குப் பதிலே இல்லை.
மூன்று பேர் மன்னிப்புக் கேட்டார்கள், ஒரே வாக்கியத்தில்,
அச்சில் வார்த்ததுபோல்.
ஒருவர் மட்டும்
அருமையான யோசனை, சொந்தச் செலவில் வருவீர்களா என்றார்.
திரு. தெம்வானி என்று விளித்திருந்தார்.

அந்த ஈக்களை எனக்குத் தெரியும்.
புகைத்தூண் போல ஏரிமேல் எழும்.
புதிதாய் வந்தவர்கள் படகு எரிகிறது என்பார்கள்.
கரைப் பெண்கள் எண்ணெய் தடவிய சட்டியைச் சுழற்றிப் பிடித்து
கறுப்பாய் அடை தட்டி விற்பார்கள்.
மூன்று வருடம் நான் அவற்றைச் சாராயத்தில் ஊறப்போட்டு
கொம்பின் மயிர்களை எண்ணினேன்.
ஈ ஓட்டவா ஐரோப்பா? என்றார் மாமா.
ஆமாம், சம்பளத்தோடு.

நாடு, என்றது படிவம்.
மடகாஸ்கருக்கும் மலேசியாவுக்கும் நடுவில் இருக்கிறோம்.
விரல் வழுக்கி இருமுறை மாலத்தீவுக்காரி ஆனேன்.
ஆங்கிலம் அறிந்ததற்குச் சான்று, என்றது.
பட்டம் முழுதும் அந்த மொழியில் படித்தவள்
நான்கு மாதச் சம்பளத்தைக் கட்டி
பூட்டிய அறையில் உட்கார்ந்து
தெரியும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.
ஏன் இந்த ஆய்வு, ஒரு பக்கத்துக்குள், என்றது.
என் வரைவில் ஆர்வம் என்ற சொல் ஒன்பது இடத்தில்.
எட்டை அடித்தேன்.
பிறகு அதையும் அடித்துவிட்டு
வலையில் ஏறிவரும் சேற்றின் வாசனையை எழுதினேன்.

பரிந்துரைக் கடிதம் மட்டும் பாக்கி.
முனைவர் கயிரா
தன் மைத்துனனைப் புதைக்க சிலும்பா போயிருந்தார்.
இழவு வீட்டில் இருப்பவரிடம்
கடிதம் என்னாயிற்று என்று கேட்க
எந்த மொழியில் சொல் இருக்கிறது?
கேட்டேன். மூன்று முறை.
ஒற்றை டிக் ஒற்றையாகவே நின்றது.

கடைசி நேரம் நள்ளிரவு. மத்திய ஐரோப்பிய நேரம்.
பன்னிரண்டு அடித்ததும்
லுசுங்குவின் சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்து நானும் முடிந்துபோனேன்.
அப்புறம்தான் உறைத்தது:
இது பனிக்காலம்.
அவர்கள் நமக்கு ஒரு மணி பின்னால்.
இங்கே நாளை பிறந்துவிட்டது;
அங்கே இன்னும் இன்று, யாரும் தொடாமல், அறுபது நிமிடம்.
இத்தனை வருடத்தில் அந்தக் கண்டம்
கேட்காமலே எனக்குக் கொடுத்தது இதுதான்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு அவர் செய்தி.
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்கிறேன். மழை.
அனுப்பியாயிற்று.
என்ன எழுதினேன் என்று கேட்காதே.

சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது.
உடனே வந்தது ஒரு மின்னஞ்சல்:
பெற்றுக்கொண்டோம். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.
அதன்மேல் நேற்றைய தேதி.

பேட்டரியில் முப்பத்தெட்டு சதவீதம்.
மடிக்கணினியை மூடினால்
உலர்த்திகளின் வெள்ளிக் குடங்கள் மூன்றும்
காலி நாற்காலிகளுக்கு மேல்
தலை கவிழ்த்துக்கொண்டு.
அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.
ஒரு மணப்பெண்ணுக்குப் போதும்.
இன்னொருத்தி
வெயிலில்தான் காயவேண்டும்,
நாளை வெயில் வந்தால்.