நுழைவு முத்திரை

முஹர்ரக்கில் எங்கள் இல்லத்தின் கூரையை
உரசுகிற மாதிரிதான் விமானங்கள் இறங்கும்.
ஒவ்வொரு இரைச்சலுக்கும்
அபு யாகூப் காலரைச் சரிசெய்துகொள்வார்.
பயணிகள் வந்துவிட்டார்கள்.
முப்பத்தொரு வருஷம் அங்கே
குடிவரவுக் கவுண்டரில் இருந்தவர்.
ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் தெரியாது.

வரவேற்பறைச் சுவரில் நான்கு சொற்கள்,
அரபியிலும் ஆங்கிலத்திலும், கண்ணாடி போட்டு:
கண்ணியம், நேர்மை, பொறுமை, நம்பிக்கை.
வெள்ளிக்கிழமைகளில் நான்தான் துடைக்கிறேன்.
நேர்மையில்தான் தூசு அதிகம்;
ஏசி அந்தப் பக்கம் வீசுகிறது.

காலை ஆறு மணிக்கு
வெந்நீரும் துண்டுமாய்ப் போய் நின்றால்
"ஜவாஸ்" என்று கை நீட்டுவார்.
முதல் வாரம் உண்மையைச் சொன்னேன்.
பாபா, இது ஏர்போர்ட் இல்லை,
நீங்கள் வேலையை விட்டு இருபது வருஷமாகிறது.
அன்றெல்லாம் சாப்பிடவில்லை.
நாற்காலியை யாரோ பறித்துக்கொண்டதாக
தலையணையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.
மறுநாளும் அதே உண்மை.
அவருக்கோ அது புது அடி.

மரிசெல்தான்
பழைய மருந்து அட்டையொன்றை
இரண்டாக மடித்து என் கையில் திணித்தாள்.
அவர் பிரித்தார். வெற்றுப் பக்கத்தையும்
என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
"எத்தனை நாள் தங்குவாய்?"
குளித்து முடிக்கும்வரை, சார்.
இருமல் மருந்து மூடியால் ஒரு குத்து.
டக்.
அதற்குப் பிறகுதான்
சட்டையின் முதல் பொத்தானை அவிழ்க்க விட்டார்.

இத்தனை நாள்
அனுமதியில்லாமல்தானே தொட்டிருக்கிறேன்.

மாதக் கடைசியில் ஒரு படிவம் வரும்.
எந்த விழுமியத்தை எப்படிக் கடைப்பிடித்தீர்கள்?
நாற்பது சொற்களுக்கு மிகாமல்.
நேர்மைக்கு நேரே எழுதினேன்:
தினமும் பொய் சொன்னேன். அவர் குளித்தார்.
மேலாளர் ஹெஸ்ஸா கூப்பிட்டு
"பிலோமினா, இது எந்தக் கட்டத்தில் வரும்?" என்றாள்.
தெரியவில்லை என்றேன். அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் அவர் கதவருகே அவள் நின்றாள்,
கையில் அவளும் மடித்த ஒரு தாள்.
அபு யாகூப் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"விசா இல்லை, வரிசையின் கடைசிக்குப் போ" என்றார்.
போனாள்.
எனக்குப் பின்னால்,
சலவைக் கூடை தள்ளும் பையனுக்கும் பின்னால்,
மேலாளர் நின்றாள், பத்து நிமிஷம்.
செல்போன் இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை.

என் நிஜப் பாஸ்போர்ட்
அவள் அலுவலக அலமாரியில்
பதினான்காம் எண் உறைக்குள் இருக்கிறது.
பத்திரத்துக்காக, என்பார்கள்.

நேற்று முத்திரை குத்திய பிறகு
அவர் அட்டையை விடவில்லை.
என் விரல்களை மடக்கி அதன்மேல் வைத்து
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"யார் கேட்டாலும் கொடுக்காதே. இது உன்னுடையது."

வரிசையின் கடைசியில் ஹெஸ்ஸா இருந்தாள்.
கேட்டிருப்பாளா, தெரியாது.

அட்டை யூனிஃபார்ம் பையில் இருக்கிறது.
துவைக்கப் போடும்போது
மறக்காமல் எடுக்க வேண்டும்.