ஊசிக்குக் காது

பிஸ்கட் டப்பாவை பிஸ்கட்டுக்காகத் திறந்தவன் நான்.
உள்ளே நூல்கண்டு, கத்தரி, பழைய ஜிப்பு,
அவற்றின் மேல் ஓர் அட்டை:
ஆறு ஊசி வரிசையாய்,
தலைக்கு மட்டும் பொன்முலாம்.
விக்டோரியா தெருப் பக்கம் பட்டன் விற்கும் கடை,
முப்பத்தெட்டு ராண்டு என்று சீட்டு.
கோகிலம் என்னிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷமாய் இந்த வீட்டில்
நூல் கோக்கிறவன் நான்.
அவளுக்குக் கிட்டப் பார்வை முன்னமே மங்கிவிட்டது;
கண்ணாடி போட்டால் மூக்கு பெரிசாத் தெரியும் என்று பிடிவாதம்.
ஊசியை நீட்டுவாள், முகம் பார்க்காமல்.
நுனியை நாக்கில் நனைத்து
ஒரே குத்து. உள்ளே.
சண்டை போட்டு ஒன்பது நாள் பேசாதிருந்தபோதும்
ஊசி மட்டும் நீண்டது.
நானும் கோத்துக் கொடுத்தேன்,
யாரோ யாருக்கோ கொடுப்பது போல.

வேலையும் எனக்கு அதுதான்.
டர்பன் துறைமுகத்தில், தரைக்கு நாற்பது மீட்டர் மேலே,
கண்ணாடித் தளம் போட்ட கூண்டில் குனிந்து
கால்களுக்கு நடுவே கீழே பார்த்து
பெட்டியின் நாலு மூலை ஓட்டையில்
நாலு இரும்பு முளையை இறக்குகிறவன்.
காற்று ஆடினாலும் கப்பல் ஆடினாலும் தப்பியதில்லை.
"ஊசி கோக்கிறாய், பூபாலன்" என்பான்
ரேடியோவில் சிபுசீசோ.
வீட்டுக் கதை அவனுக்குத் தெரியாது.

இந்த ஊசிக்கு அதெல்லாம் வேண்டாமாம்.
உச்சியில் ஒரு பிளவு, பாம்பு நாக்கு மாதிரி.
நூலை அதன்மேல் கிடத்தி
இழுத்து அமுக்கினால்
டிக்.

கோபம் வந்தது எனக்கு. ஓர் அட்டை ஊசிமேல்.

செவ்வாய் இரவு எட்டுக்கு லோட்ஷெடிங்.
மெர்பேங்க் முழுக்க இருட்டு.
அடுத்த அறையில் அவள்
தெஷ்னியின் மெட்ரிக் நடனத்துக்கு, நீலப் பாவாடைக்கு
விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள்.
வெளிச்சம் போனதும் நிறுத்தவில்லை.
எனக்குக் கேட்டது: டிக்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி.

இங்கிலீஷ்காரன் ஊசிக்குக் கண் என்கிறான்.
ஆப்பிரிக்கான்ஸிலும் கண்தான்.
நமக்கு மட்டும் அது காது.
இருட்டில் உட்கார்ந்திருந்தபோது
நாம் சொல்வதே சரி என்று பட்டது.

அப்புறம் கணக்குப் போட்டேன்.
போன மாதம் என் மேலங்கிப் பட்டனுக்காக
அவள் ஊசி நீட்டிய அன்று
மூன்று தரம் தப்பியது.
நாலாம் தரம் ஊசியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தேன்.
வாய்க்குள் நூல் பஞ்சாய்ப் பிரிந்தது.
"நூல் மட்டம்" என்றேன்.
"ஆமா, மட்டம்தான்" என்றாள்,
நல்ல நூல்கண்டைப் பத்திரமாய் டப்பாவில் போட்டபடி.
பட்டன் அன்று தைக்கப்படவே இல்லை.
அடுத்த திங்கள் எனக்குக் கம்பெனியில் கண் பரிசோதனை.
அதற்கு முந்திய சனிக்கிழமைதான்
அவள் டவுனுக்குப் போன சனிக்கிழமை.

பரிசோதனையில் தேறினேன்.
தூரத்து எழுத்தெல்லாம் துல்லியம்.

வெள்ளிக்கிழமை, அவள் பாவாடை அளவு பார்க்கப் போனபின்,
நானே ஓர் ஊசியை எடுத்தேன். டிக்.
மேலங்கியில் இரண்டாவது பட்டன்.
நாலாவது தையலில் இறுக்கி இழுத்தேன்;
நுழைந்த வழியே வெளியேறிப் போயிற்று நூல்.
இதில் இது ஒரு குறை.
மெல்ல இழுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஞாயிறு. பாவாடைக்குப் பாசிமணி.
மணி ஊசி மயிர்போல மெல்லிசு,
அதற்குப் பிளவு கிடையாது.
வெளிப்படியில் வெயிலுக்கு எதிரே பிடித்து
கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.
என் சட்டைப்பையில் மூன்று நாளாய்
கிளிக்ஸ் மருந்துக்கடையில் வாங்கிய மூக்குக்கண்ணாடி.
போட்டுக்கொண்டு போய்
எதிரே உட்கார்ந்து கை நீட்டினேன்.

ஊசியைக் கொடுக்கவில்லை அவள்.
கண்ணாடியை என் மூக்கிலிருந்து கழற்றி
தான் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.
"ஐயோ, மீசை இவ்வளவா நரைச்சுப்போச்சு?"